மிச்சம் நாளைக்கு

என் தம்பி ஹாலிதுக்குச் சொந்தமாக ஒரு மெட்டுப் போட வராது. பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவனே எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்கிற விஷயம்தான்.

அவன் வேலை செய்கிற விதம் அப்படி. ஒரு ரெக்கார்டிங்கைக் கம்ப்யூட்டரில் போடுவான், பாதி வேகத்துக்குக் குறைப்பான், ஒரு சுரம் கேட்பான், ஒரு சுரம் எழுதுவான். எதையும் கூட்ட மாட்டான், குறைக்க மாட்டான். ஒரு தடவை கல்யாண பேண்டு செட்டின் மெட்டு ஒன்றை எடுத்துச் செய்திருந்தான். நடுவில் சம்பந்தமே இல்லாமல் நீளமாக ஒரு சத்தம். என்னடா இது என்று கேட்டால், ரெக்கார்டிங் எடுத்தபோது பின்னால் போன பஸ்ஸின் ஹாரனாம். அதற்கும் சுரம் கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறான். “ரெக்கார்டிங்ல இருந்துச்சுல்லக்கா” என்கிறான், முகத்தைப் பச்சப்புள்ள மாதிரி வைத்துக்கொண்டு. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நாங்கள் செய்வது பழைய டிவி கேம் இசை. எங்கள் அத்தா ஹபீபுல்லா மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் பொம்மைக் கடை வைத்திருந்தார். டிவியில் சொருகி விளையாடுகிற கேம் பெட்டியும் மஞ்சள் கேசட்டும் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கும். விற்காத கேசட்டெல்லாம் எங்களுக்குத்தான். அந்தப் பெட்டிக்கு மொத்தம் நாலே சத்தம்தான் போடத் தெரியும். இரண்டு விசில், தடிமனாக ஒரு அடிக்குரல், தாளத்துக்கு ‘உஷ்’ என்று ஒரு இரைச்சல். அந்த நாலுக்குள் ஒரு முழுப் பாட்டையும் கொண்டுவர வேண்டும். இப்போது பெட்டி இல்லை, அதே நாலு சத்தத்தைப் போடுகிற மென்பொருள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் மனசுக்குத் தோன்றுகிறபடி வெட்டுவேன், நீட்டுவேன், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி போடுவேன். ஹாலித் காப்பி எடுப்பான்.

திருச்சியில் இந்தக் கிறுக்குப் பிடித்த ஆட்கள் ஒரு கைப்பிடி இருக்கிறோம். அரியமங்கலத்தில் சித்தார்த்தன் என்று ஒருவர் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் கிடையாது என்பதால் மாசத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் அங்கே கூடுவோம். ஒரே மெட்டை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்துகொண்டு வரவேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எது எங்கே நல்லா இருக்கு, எது எங்கே சொதப்பல் என்று மற்றவர்கள் பிரித்து மேய்வார்கள். டீயும் சமோசாவும் சித்தார்த்தன் செலவு.

போன மாசம் எனக்கும் ஹாலிதுக்கும் முறை வந்தது. எந்த மெட்டு என்று கேட்டார்கள். “எங்க அத்தா மெட்டு” என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

அத்தாவுக்குப் பாட்டெல்லாம் தெரியாது. ஆனால் சாயங்காலம் கடையின் ஷட்டரை இறக்கும்போது ஒன்றை முனகுவார். எங்கேயும் கேட்காத மெட்டு, அவரே கட்டியது. ஷட்டர் கீழே வர வர மெட்டு மேலே போகும். பூட்டைப் போட்டதும் டக்கென்று நிற்கும், பாதியிலேயே. நான் ஸ்கூல் முடிந்து கடையில்தான் உட்கார்ந்திருப்பேன். “மிச்சம் எங்கத்தா?” என்று கேட்பேன். “மிச்சம் நாளைக்கு” என்பார். மறுநாளும் அதே பாதி, அதே கேள்வி, அதே பதில். ஒரு நாள்கூட அந்த மிச்சத்தை அவர் பாடியதில்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் நானும் அத்தாவும் பேசிக்கொள்வதே நின்றுபோனது. அத்தாவின் உயிர்ச் சிநேகிதர் கலீம் மாமாவின் மகனுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ஷார்ஜாவில் வேலை. நல்ல மனுஷன்தான், அடிக்கவில்லை, குடிக்கவில்லை. ஆனால் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்ப்பதுபோலத்தான் என்னைப் பார்த்தார். ரிப்பேர் ஆனால்தான் கவனம் வரும். சில வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே குலா கேட்டுக் கல்யாணத்தை முறித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அன்றோடு கலீம் மாமா கடைப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அத்தாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

“என் சிநேகிதன் மூஞ்சியில என்னை முழிக்க விடாமப் பண்ணிட்ட. நீயும் என் மூஞ்சியில முழிக்காத” என்றார்.

எனக்கும் மூக்குக்கு மேலே கோபம் வரும். அவர் பெண்தானே. “முழிக்கலத்தா” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்துவிட்டேன். மாடியில் ஒரு போர்ஷன், ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் பில் போடுகிற வேலை. அம்மா நான் ஸ்கூலில் படிக்கும்போதே மவுத்தாகிவிட்டாள். ஆக எனக்கென்று மிச்சமிருந்தது ஹாலித் மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் டப்பாவில் பிரியாணியோடு பாலம் தாண்டி வருவான். அத்தா எப்படி இருக்கிறார், சர்க்கரை எவ்வளவு, கடையில் வியாபாரம் எப்படி, எல்லாம் அவன் வாய் வழியாகத்தான் எனக்குத் தெரியும். என் தம்பியைப்போல ஒருத்தன் உண்டா என்று வேலை செய்கிற இடத்தில் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

போன வருஷம் அத்தாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் வைத்தார்கள். உள்ளே ஒருத்தருக்குத்தான் அனுமதி. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது ஹாலித் போன் பண்ணினான்.

“அக்கா, வராதக்கா. இன்ஷான்னு உன் பேரை எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. பிரஷர் ஏறுது. கொஞ்சம் தெளியட்டும், நானே கூப்பிடுறேன்.”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான் சொன்னான். அதற்கும் மறுநாள் காலையில் அவன் கூப்பிட்டது அத்தாவின் மையத்தைப் பார்க்க. குளிப்பாட்டிக் கஃபன் துணி போட்டுக் கிடத்தியிருந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஹாலிதைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

“கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராடா?”

தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அந்தத் தலையாட்டலோடுதான் நான் ஒரு வருஷம் குடும்பம் நடத்தினேன். அத்தா என்னை மன்னிக்காமலே போய்விட்டார் என்பதைச் சோற்றோடு பிசைந்து தின்றேன். கோபக்காரி, வீம்புக்காரி, பெத்த தகப்பனிடம் போய் நிற்கத் துப்பில்லாதவள் என்று கண்ணாடியைப் பார்த்து என்னையே திட்டிக்கொள்வேன்.

அதனால்தான் அந்த மெட்டைச் செய்ய ஆசைப்பட்டேன். வேறு எப்படி அவரிடம் போவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் கூட்டம் குறைவு. சித்தார்த்தன், ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருக்கிற அக்னஸ் அக்கா, நாங்கள் இரண்டு பேர். பாதி வளைத்த ஜன்னல் கம்பிகளை நகர்த்திவிட்டு ஸ்பீக்கரை வைத்தார்கள். முதலில் என்னுடையது.

ஷட்டர் இறங்குகிற சத்தத்தை ‘உஷ்’ஷில் கொண்டுவந்திருந்தேன். ஒரு விசிலில் மெட்டு, இரண்டாவது விசிலில் அதே மெட்டு கொஞ்சம் பின்தங்கி மெதுவாக, சந்துக்குள் எதிரொலிப்பதுபோல. மெட்டு மேலே மேலே ஏறி, பூட்டுப் போடுகிற இடத்தில் நின்று, உடனே முதலிலிருந்து தொடங்கும். கேம் பாட்டுக்கு முடிவு கிடையாது, ஆடுகிறவன் நிறுத்துகிறவரை சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு அது சௌகரியமாகப் போனது. தெரியாத மிச்சத்தை நானாக இட்டுக்கட்ட மனசு வரவில்லை.

“எதிரொலி பிரமாதம்ங்க” என்றார் சித்தார்த்தன். “ஆனா முடியவே மாட்டேங்குது. கேக்கறவனுக்கு ஏக்கமா இருக்கு.”

“எனக்கும் அப்படித்தான் இருக்கு” என்றேன்.

அடுத்தது ஹாலித். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பட்டனைத் தட்டினான்.

எதிரொலி இல்லை, ஷட்டர் இல்லை. என் காதில் விழுந்தது ஒரு விசிலில் வெறும் மெட்டு மட்டும். ஆனால் நிதானமாக, மூன்று சுரத்துக்கு ஒரு தடவை நின்று நின்று போனது. என்னடா இவன், ஏன் இப்படி இழுக்கிறான் என்று நினைத்தேன். பூட்டுப் போடுகிற இடம் வந்தது. இங்கே நிற்கும் என்று காத்திருந்தேன். அது நிற்கவில்லை. ஏறிய மெட்டு மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல் இறங்கி, ஆரம்பித்த சுரத்திலேயே வந்து உட்கார்ந்து முடிந்தது.

அக்னஸ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இறங்கறப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. இந்த ரெண்டாவது பாதி யாரு போட்டது?”

“நான்தான்க்கா. அத்தா விட்ட இடத்துலேர்ந்து நானே முடிச்சேன்” என்றான் ஹாலித்.

எனக்கு வயிறு எரிந்தது, உண்மையைச் சொல்கிறேன். இவனுக்கு எங்கேயிருந்து வந்தது இந்த ஞானம்? அடேங்கப்பா, ஒரே ராத்திரியில் மெட்டுப் போடுகிறவனாக ஆகிவிட்டானா?

சித்தார்த்தன் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். “எல்லாம் சரி தம்பி. அந்த ரெண்டாவது விசில்ல, மேல, சின்னதா டிங் டிங்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது ஏன் தாளத்துலயே உட்காரல? அது பாட்டுக்குத் தனியாப் போகுது. கடைசியில கொஞ்சம் வேகமா வேற ஆகுது.”

“அது... சும்மா ஒரு எஃபெக்ட்டுங்க.”

“இன்னொரு தடவை போடுங்க” என்றேன் நான்.

போட்டார்கள். இந்தத் தடவை மெட்டை விட்டுவிட்டு அந்த டிங்கை மட்டும் கேட்டேன். ஒரே சுரம், ஒரே சத்தம், விடாமல். நான் பில் போடுகிற மேஜைக்குப் பின்பக்கச் சுவருக்கு அந்தாண்டை நாள் முழுக்கக் கேட்கிற சத்தம். படுக்கையில் கிடக்கிற ஆளின் நாடித்துடிப்பை எண்ணுகிற மானிட்டர் சத்தம். மூன்று சுரத்துக்கு ஒரு தடவை மெட்டு ஏன் நிற்கிறது என்பதும் புரிந்துவிட்டது. அது மூச்சு வாங்குகிற இடம்.

பஸ் ஹாரனை எழுதியவன் இதையும் எழுதியிருக்கிறான். ரெக்கார்டிங்கில் இருந்திருக்கிறது.

“ஹாலித், வெளிய வா” என்றேன். சித்தார்த்தன் சமோசாத் தட்டோடு வந்தார். “அப்புறம் சாப்பிடுறோம்ங்க” என்று சொல்லிவிட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பட்டறைக்கு எதிரே ஒரு டீக்கடை, ஞாயிறு என்பதால் பெஞ்சு காலி. உட்கார வைத்தேன்.

“எடு அந்த ரெக்கார்டிங்கை.”

“எந்த ரெக்கார்டிங்க்கா?”

“செருப்பு பிஞ்சிரும். ஐ.சி.யூ.வுல அத்தா பாடினதை எடு.”

பொய் சொல்ல வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். டீக்கடைக்காரர் “ரெண்டு டீயாம்மா?” என்று கேட்டார். அப்புறம் என்று கையைக் காட்டினேன்.

“நான் மட்டும்தான்க்கா கூட இருந்தேன்” என்றான் ஹாலித் தரையைப் பார்த்து. “நீ ஷார்ஜாவுல இருந்தப்பவும் நான்தான், நீ கோவிச்சுக்கிட்டுப் போனப்பவும் நான்தான். கடையப் பார்த்தேன், மாத்திரை குடுத்தேன், கடைசியில மூத்திரப் பை வரைக்கும் நான்தான் மாத்தினேன். ஐ.சி.யூ.வுல கண்ணைத் திறந்தா இன்ஷா எங்கன்றாரு. கண்ணை மூடினா இன்ஷா வந்தாளான்றாரு. என் பேரை ஒரு தடவை சொல்லலக்கா. ஒரு தடவை.”

“மூஞ்சியத் திருப்பிக்கிறாருன்னு சொன்னியே?”

“பொய்தான்.”

“பிரஷர் ஏறுதுன்னு சொன்னியே?”

“எனக்குத்தான்க்கா ஏறுச்சு.”

அவனை அறைந்தேன். நடுரோட்டில், டீக்கடைக்காரர் பார்க்க. அவன் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ஒரு வருஷமா உள்ளேயே வெச்சிருந்தேன். தாங்க முடியல. மெட்டாவாவது உன்கிட்டக் குடுத்துடலாம்னு நெனச்சேன். அந்த டிங்கை எடுத்துடலாம்னுதான் பார்த்தேன். எடுத்தா அத்தா பாடுன மாதிரியே இல்ல.”

“குடுக்க வந்தவன் நானே போட்டேன்னு ஏன்டா சொன்ன?”

வெள்ளிக்கிழமைதோறும் இவன் கொண்டுவந்த பிரியாணியையெல்லாம் நினைத்தேன். எதிரே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கக்கா என்று பரிமாறிய அதே கை. அந்தக் கைக்குள் இருந்த போனில் அத்தா இருந்திருக்கிறார், அத்தனை வெள்ளிக்கிழமையும். திருடன்கூட இப்படி உட்கார வைத்துச் சோறு போட மாட்டான்.

போனை வாங்கி, முதல் வேலையாக அந்த ரெக்கார்டிங்கை என் நம்பருக்கு அனுப்பினேன். இவனை நம்பி இனி எதையும் விட்டுவைக்க முடியாது. அப்புறம் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

முதலில் போர்வை உரசுகிற சத்தம். பிறகு ஹாலிதின் குரல், ரகசியமாக: “நர்ஸ் வர்றதுக்குள்ள சொல்லிருங்கத்தா. சிகப்புப் பட்டனை அமுக்கிட்டேன்.” பின்னால் அந்த டிங், டிங்.

“இன்ஷா...” அத்தாதான். குரல் ஒடுங்கிப்போயிருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். “மிச்சம் எங்கத்தா, மிச்சம் எங்கத்தான்னு கேப்பியே. நாளைக்கு, நாளைக்குன்னு உன்னை ஏமாத்திட்டேன். பேசினா அழுதுருவேன்மா. அதனால பாடிடுறேன். இந்தா, மிச்சம்.”

பாடினார். ஏறினார், நின்று மூச்சு வாங்கினார், மறுபடி ஏறினார். பூட்டுப் போடுகிற இடத்தைத் தாண்டி மெல்ல இறங்கினார். எங்கேயும் சுருதி விலகவில்லை. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் ரெக்கார்டிங் முடியவில்லை. ஹாலித்தான் எதையும் வெட்டுகிறவன் இல்லையே.

“அனுப்பிட்டியா?” என்று அத்தா கேட்டார்.

“அனுப்பிட்டேன்த்தா.”

“நீல டிக்கு விழுந்துச்சா?”

டிங், டிங் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

“விழுந்துச்சுத்தா. கேட்டுட்டா.”

“அப்ப பதில் போடுவா. கோவக்காரி, கொஞ்சம் நேரம் பிடிக்கும்.” அத்தா சிரித்தார், அல்லது இருமினார். “போனை என் கையில குடுத்துட்டு நீ போய்ப் படு.”

அதோடு முடிந்தது. இயர்போனைக் கழற்றினேன். கேட்டுவிட்டேன் என்று நம்பியிருக்கிறார். கேட்டுவிட்டும் பதில் போடாதவள், கேட்டுவிட்டும் வராதவள் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறார். நான் ஸ்ரீரங்கத்துப் படியில் பையோடு உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

“எவ்வளவு நேரம்டா போனைக் கையில வெச்சிருந்தாரு?” என்று கேட்டேன்.

ஹாலித் அழுதுகொண்டிருந்தான். “கண்ணாடி இல்லக்கா, ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. சும்மாத்தான் பிடிச்சிட்டிருந்தாரு.”

“எவ்வளவு நேரம்னு கேட்டேன்.”

“காலைல நர்ஸ் என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. உள்ள போனேன். அப்பவும் கையிலதான்க்கா இருந்துச்சு. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன்.”